ஐந்தடி தள்ளி நில்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெங்களூர் ரயில் வந்து போனதும் எங்கள் வாசலில் இரண்டு பேராவது வந்து நிற்பார்கள். கழுத்தில் பழைய ரோல் கேமரா தொங்கும். பாதிப் பேர் சினிமாவில் பார்த்த சயனைடு மேட்டைத் தேடி வந்த வெளியூர்ப் பிள்ளைகள். மீதிப் பேர் நம் பிள்ளைகள்தான். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி எங்கள் கோலார் தங்கச் சுரங்கம் மூடிய பிறகு பிழைப்புத் தேடிப் போனவர்களின் பேரன் பேத்திகள். உங்கள் தாத்தா வீடு எந்த லைன், அதாவது தொழிலாளர் வீடுகளின் எந்த வரிசை, என்று கேட்டால், யாருக்கோ போன் போட்டு விசாரித்துச் சொல்வார்கள்.

நான் பெரிய போட்டோகிராபர் இல்லை. ஷிஃப்ட் போக மிச்ச நேரத்தில் லைன் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று படம் பிடித்தவன். எல்லாரும் அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அதனால் எழுதி வைத்துவிட்டேன். இதில் எனக்கு முக்கியமானது ஆறாவது. அவசரக்காரர்கள் அதை மட்டும் படித்துவிட்டு ரயிலைப் பிடிக்கலாம்.

1. முதல் கேமரா ஒன்றும் தெரியாத கேமராவாக இருக்கட்டும். 35 மி.மீ. ரோல் போடுகிற, கையால் சுற்றுகிற, ஃபோகஸ் திருப்பத் தேவையில்லாத பிளாஸ்டிக் டப்பா. யாஷிகா எம்.எஃப்-2 சூப்பர் அப்படிப்பட்டது. கோடாக் கே.பி.10 அதைவிடவும் எளியது. தொண்ணூறுகளில் லைனுக்கு லைன் இந்த இரண்டில் ஒன்று இருந்தது. ஒருவர் வாங்குவார், தெருவே இரவல் கேட்கும். மோட்டார் வைத்து, ஜூம் வைத்து, தானே சுற்றிக்கொள்கிற பின்னாள் கேமராக்கள் அழகுதான். ஆனால் உள்ளே இருக்கிற சர்க்யூட் போய்விட்டால் பார்ப்பதற்கு இன்று ஆளில்லை.

அப்பா காலத்து அக்ஃபா கிளிக் 3 வீட்டில் கிடந்தால் தூக்கிப் போடாதே. பரோடாவில் செய்தது அது. அகலமான 120 ரோல், 12 படம். அதை இரண்டாவது கேமராவாக வைத்துக்கொள். எண்பதுகளில் டி.வி. விளம்பரத்தில் வந்த ஹாட் ஷாட்டையும் சிலர் கொண்டுவருகிறார்கள். அதற்கு 110 என்கிற சின்ன கேசட் வேண்டும், கிடைப்பது அரிது. ஏ.பி.எஸ். என்று எழுதியிருந்தால் வாங்கவே வாங்காதே. அந்த ஃபிலிம் 2011-லேயே நின்றுவிட்டது.

2. வாங்கும் முன் மூன்று இடத்தைத் திறந்து பார்.

முதலில் செல் அறை. பழைய பென்சில் செல்லை உள்ளேயே விட்டு மறந்திருப்பார்கள். அது கசிந்து கம்பி பச்சை பூத்திருக்கும். லேசாக இருந்தால் பஞ்சில் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து, காயவிட்டு, பென்சில் ரப்பரால் தேய்த்தால் போகும். கம்பியே அரித்துப் போயிருந்தால் விட்டுவிடு. பல மாடல்களில் செல் ஃபிளாஷுக்கு மட்டும்தான், ஷட்டர் அது இல்லாமலே அடிக்கும். ‘செல் போட்டும் வேலை செய்யலை’ என்று கடைக்காரர் அடிமாட்டு விலை சொன்னால், பகல் படத்துக்கு அது உனக்கு லாபம்.

அடுத்தது பின்மூடி. அதைத் திறந்து லென்ஸ் பக்கம் வெளிச்சத்தைக் காட்டி பட்டனை அமுக்கு. நடுவில் ஒரு கணம் ஒளி மின்ன வேண்டும். பட்டன் அமுங்க மறுத்தால் உடனே கெட்டது என்று முடிவு கட்டாதே. ரோல் இல்லாமல் ஷட்டர் ஏறாத மாடல்கள் உண்டு. உள்ளே இருக்கிற பல்சக்கரத்தை விரலால் சுற்றிவிட்டு மறுபடி அமுக்கிப் பார்.

கடைசியாக மூடியின் ஓரத்துக் கறுப்புப் பஞ்சு. தொட்டால் தார் மாதிரி ஒட்டினால், வெளிச்சம் கசிந்து படத்தில் சிவப்புக் கீற்று விழும். அதைச் சுரண்டிவிட்டுக் கறுப்புக் கம்பளி நூலை அந்தப் பள்ளத்தில் ஒட்டலாம். நான் அப்படித்தான் செய்தேன், இன்றுவரை நிற்கிறது.

3. ஃபிளாஷைப் பிரிக்காதே. இரண்டு சின்ன செல்தானே என்று நினைப்பாய். அது கண்டென்சரில் சுமார் 300 வோல்ட் வரை ஏற்றி வைக்கிறது. செல்லைக் கழற்றிய பிறகும் அந்தச் சரக்கு உள்ளே இருக்கும். அடித்தால் கை உதறிப் போய் விழுவாய்.

4. ரோல் புதிதாக இருக்கட்டும். அட்டைப்பெட்டியில் தேதி பார். காலாவதியான ரோலில் கலர் வித்தியாசமாக வரும் என்று ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். பழைய ரோலுக்கு வெளிச்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். பத்து வருஷத்துக்கு ஒரு மடங்கு கூட்டு என்பது கைக்கணக்கு. உன் கேமராவிலோ கூட்டிக் குறைக்கப் பெரிய வழி கிடையாது. பிறகு எங்கிருந்து கொடுப்பாய்?

பகலில் வெளியே என்றால் 200. வீட்டுக்குள்ளும் மேகத்திலும் பிடிக்க வேண்டியிருந்தால் 400. கலர் நெகடிவ் ஃபிலிம் வெளிச்சம் கொஞ்சம் அதிகமானால் பொறுத்துக்கொள்ளும், குறைந்தால் பொறுக்காது. நிழல் எல்லாம் சேறாகிவிடும். எது போடுவது என்று சந்தேகம் வந்தால் 400.

எங்கள் நாளில் கறுப்பு வெள்ளைக்கு ‘இந்து’ ரோல் இருந்தது. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்று ஒரு மத்திய அரசு ஆலை. 1960-இல் தொடங்கி 1967-இல் உற்பத்திக்கு வந்தது. இந்து என்றால் நிலா. எனக்கு இப்போதும் ஒரு யோசனை ஓடும். இங்கே ஒரு அரசாங்கக் கம்பெனி பாறையைப் பொடித்துத் தங்கம் எடுத்தது. அங்கே இன்னொரு அரசாங்கக் கம்பெனி வெள்ளி உப்பைப் பட்டையில் பூசி விற்றது. இரண்டு ஊரிலும் இப்போது பூட்டுத் தொங்குகிறது.

5. ரோல் மாட்டியதும் இடது பக்கத் திருகைப் பார். இது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை, ஆனால் இதில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். நிழலில் நின்று மாட்டு. பட்டையின் நாக்கை வலது உருளையில் செருகி, ஓரத்து ஓட்டைகள் பல்லில் உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்து, மூடியை மூடு. இடது பக்கம் இருக்கிற சுருட்டுத் திருகை மெதுவாகச் சுற்றித் தொய்வை எடு. பிறகு வலது பக்கம் முன்னேற்றும்போது அந்த இடது திருகு தானாகச் சுற்ற வேண்டும். சுற்றினால் ரோல் ஓடுகிறது. சுற்றாவிட்டால் எண் மட்டும்தான் ஓடுகிறது.

என் முதல் கல்யாண ரோலில் எண் மட்டும்தான் ஓடியது. ஆண்டர்சன்பேட்டையில் முகூர்த்தம். 36 முறை ‘ரெடி’ சொல்லி 36 முறை அமுக்கினேன். 37 வந்தது, 38 வந்தது, 39-உம் வந்தது. எனக்குச் சந்தோஷம், ரோலில் மூன்று படம் இனாம் என்று. ரோல் நாக்கோடு அப்படியே டப்பாவுக்குள் உட்கார்ந்திருந்தது என்பது கழுவுகிற இடத்தில்தான் தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் என்னை அடிக்கவில்லை. மறுபடியும் பட்டுப்புடவை கட்டி, மாலை போட்டு, எல்லாரையும் கூட்டி நிறுத்தினார்கள். அந்த ஆல்பத்தில் யார் முகத்திலும் கல்யாணக் களை இருக்காது. சாப்பிட்டு மூன்று நாள் ஆன முகங்கள்.

6. ஐந்தடி தள்ளி நில். அதைவிடக் கிட்டே போகாதே, அதைவிட ரொம்பத் தள்ளியும் போகாதே.

உன் கேமராவின் லென்ஸை ஒரே இடத்தில் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய ஒன்றரை மீட்டரிலிருந்து தூரத்து மலை வரை எல்லாம் ஓரளவு தெளிவாக விழும். அதற்குள்ளே நெருங்கினால் மூக்கும் கண்ணும் கலங்கிவிடும். இதைத் தெரிந்துகொண்ட பிள்ளைகள் பயந்துபோய் இருபதடி பின்னால் போகிறார்கள். யாஷிகாவின் லென்ஸ் 38 மி.மீ. அகலமாகப் பார்க்கிற கண். ஐந்தடியில் கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் ஒரு ஆள் தலையிலிருந்து முழங்கால் வரை நிறைவாக வருவார். பதினைந்தடியில் அவர் படத்தின் பாதிகூட இருக்க மாட்டார். மீதியெல்லாம் தரையும் வானமும்.

ஒரு ஆயுதபூஜை. ஒர்க்‌ஷாப் வாசலில் வாழைமரம் கட்டி, மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, 22 பேர் நின்றும் உட்கார்ந்தும் வரிசை கட்டினார்கள். போர்டும் தெரியணும், வாழைமரமும் தெரியணும், புகைபோக்கியும் தெரியணும் என்று எனக்குப் பேராசை. பின்னால் போய்க்கொண்டே இருந்தேன். முப்பதடி இருக்கும். ஒரே ஒரு படம் எடுத்தேன். ரோலில் அதுதான் கடைசி.

இரண்டு வருஷம் கழித்து அந்த வரிசையில் நின்ற ஒருவர் காய்ச்சலில் போய்விட்டார். அவர் சம்சாரம் காரியத்துக்கு முந்தின நாள் வந்தது. ‘அண்ணா, உங்க கிட்ட அவர் படம் இருக்குமாமே’ என்றது. கல்யாணத்தில் யாரும் படம் எடுக்கவில்லை. ரேஷன் கார்டுப் படம் செல்லரித்துப் போயிருந்தது. நான் அந்தக் குரூப் படத்தை எடுத்துக் கொடுத்தேன். அந்த அம்மா விரலை வரிசையாக ஓட்டிக்கொண்டு போய் ஒரு இடத்தில் நிறுத்தியது. ‘இப்படிக் கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு நிக்கிறது அவர்தான்’ என்றது. முகத்தை வைத்து அல்ல, நிற்கிற நிலையை வைத்துக் கண்டுபிடித்தது.

நெகடிவை ஜன்னலில் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். அந்த முகம் முழுசாக ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. கேழ்வரகு மணியைவிடச் சின்னது. ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிசாக்கினோம். பெரிசாகப் பெரிசாக மணல் மணலாகப் போனது. டச்சிங் பண்ணுகிறவர் பிரஷ்ஷால் கண் வரைந்து, மீசை வரைந்து, தலைக்கு ஓரமாக வகிடு எடுத்தார். அவர் செய்ததில் தப்பில்லை, இல்லாத முகத்துக்கு அவர் என்ன செய்வார். படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் ‘யாரோ மாதிரி இருக்காரு’ என்றது. அந்த யாரோவுக்குத்தான் மாலை போட்டு மாட்டியது. இன்றும் அந்த வீட்டில் தொங்குகிறது.

ஐந்தடியில் நின்றிருந்தால் அதே நெகடிவில் முகம் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் வந்திருக்கும். போஸ்ட்கார்டு அளவுக்குப் போட்டால் கண்ணில் இருக்கிற சிரிப்பும் விழும். போர்டு வேண்டுமா, போர்டை ஒரு படம் எடு. பிறகு ஆட்களை மூன்று மூன்று பேராக நிறுத்திக் கிட்டப் போய் எடு. ஐந்தடி எவ்வளவு என்று தெரியாவிட்டால், நீயும் எதிரில் நிற்பவரும் கையை நீட்டினால் விரல்நுனி தொடுகிற தூரம். கூச்சமாக இருக்கும். அதற்கு மருந்து இல்லை, பேசிக்கொண்டே நட.

7. வெயில் உன் தோளுக்குப் பின்னால் இருக்கட்டும். காலை ஒன்பது மணிக்கு முன்னும் சாயங்காலம் நாலு மணிக்குப் பின்னும் நல்லது. உச்சி வெயிலில் கண்குழி கறுத்து, எல்லாரும் நோயாளி மாதிரி விழுவார்கள். வேறு நேரம் இல்லை என்றால் ஆளைத் திண்ணை நிழலில் உட்காரவைத்து ஃபிளாஷையும் போட்டு எடு. பட்டப்பகலில் ஃபிளாஷ் எதற்கு என்று சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். பிரிண்ட் வந்ததும் சிரிப்பு நின்றுவிடும்.

8. சயனைடு மேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாரும் அதற்குத்தான் வருகிறார்கள், எனவே ஒரு வார்த்தைக்கு மேலேயே ஆகும்.

அது மலை இல்லை. நூறு வருஷத்துக்கு மேல் பாறையைப் பொடித்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்துவிட்டு, கொட்டிய மணல். இப்படி 13 மேடுகள் என்று கணக்கு. மூன்று கோடி டன்னுக்கு மேல் இருக்கும். சினிமாக்காரர்களுக்கு அது பாலைவனம். எங்களுக்கு ஆடி மாசத்தில் சோற்றுக்குள் வந்து விழுகிற தூசு.

கேமராவுக்கு அதில் இரண்டு ஆபத்து. ஒன்று, அந்த மணல் மாவு மாதிரி. காற்றடிக்கிற நாளில் பின்மூடியை அங்கே திறந்தால் ஒரு துகள் போதும், ஃபிலிம் ஓடுகிற வழியில் உட்கார்ந்து 36 படத்திலும் நீளமாக ஒரே கோடு கிழித்துவிடும். ரோலை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு போ. முடிந்தால் கீழே இறங்கி வந்து மாற்று. லென்ஸில் தூசு விழுந்தால் ஊது, சட்டைநுனியால் துடைக்காதே. அந்த மணலால் கண்ணாடியைத் தேய்ப்பது உப்புத்தாளால் தேய்ப்பது மாதிரி. இரண்டு, வெள்ளை மணலில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம். அங்கே 400 போட்டால் மேடும் வானமும் ஒன்றாக வெளுத்துவிடலாம். 100 அல்லது 200 போதும்.

படம் பிடிப்பவர்களுக்கும் சயனைடுக்கும் பழைய உறவு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 19-ஆம் நூற்றாண்டில் கண்ணாடித் தகட்டில் ஈரப்பூச்சுப் பூசிப் படம் எடுத்தார்கள். மிச்ச வெள்ளி உப்பைக் கரைத்துப் படத்தை நிலைநிறுத்தப் பொட்டாசியம் சயனைடைத்தான் பலர் ஊற்றினார்கள். தங்கத்தைக் கரைக்கிற அதே சரக்கு வெள்ளியையும் கரைக்கும். பிரிண்ட் நீண்ட நாள் மங்காமல் இருக்கத் தங்க உப்புக் கரைசலில் முக்கி எடுப்பதும் உண்டு. நம் ஊர்ப் பாறைக்குள் இருந்து போன தங்கம் எந்த ஊர் ஆல்பத்தில் யார் முகத்தில் ஒட்டியிருக்கிறதோ.

மேட்டில் இரண்டு படம் எடு. போதும். பிறகு முதுகைக் காட்டித் திரும்பி லைன் பக்கம் வா. மேடு இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். லைன் வீட்டுத் தகரம் வருஷா வருஷம் குறைகிறது.

9. லைன் வீட்டுக்குள் ஃபிளாஷ் போடுவதற்கு ஒரு பக்குவம் வேண்டும். சின்ன அறை, புகை படிந்த சுவர். ஃபிளாஷ் மூன்று மீட்டர்வரைதான் உருப்படியாக எட்டும். நம் அறைக்கு அது தாராளம். பக்கத்தில் இருக்கிற ஆரஞ்சு விளக்கு எரிந்த பிறகே அமுக்கு. அவசரப்பட்டால் பாதி வெளிச்சம்தான் வரும். ஆளைச் சுவரோடு ஒட்டி நிறுத்தாதே, பின்னால் கறுப்பாக இன்னொரு ஆள் நிற்பார். எவர்சில்வர் பாத்திர அலமாரி நேர் எதிரே இருந்தால் ஃபிளாஷ் அதில் பட்டுத் திரும்பி, நடுவில் வெள்ளைப் பந்து விழும். ஒரு எட்டு பக்கவாட்டில் நகர்ந்து நில். இருட்டு அறையில் கண்மணி விரிந்திருக்கும். அப்போது ஃபிளாஷ் உள்ளே போய் விழித்திரை ரத்தத்தில் பட்டுத் திரும்புவதால்தான் கண் சிவக்கிறது. பேய் எதுவுமில்லை. கதவைத் திறந்து வெளிச்சம் வரவிட்டால் கண்மணி சுருங்கும், சிவப்பும் குறையும்.

10. பட்டனைக் குத்தாதே. மூச்சை விட்டு, முழங்கையை விலாவில் ஒட்டி, மெல்ல அழுத்து. ஷட்டர் வேகம் உன் கையில் இல்லை, கை ஆடாமல் இருப்பது மட்டும்தான் உன் கையில்.

11. லென்ஸுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்பது உன் கண்ணுக்குத் தெரியாது. நீ பார்க்கிற ஓட்டை வேறு, படம் விழுகிற வழி வேறு. உன் விரல், கழுத்துப் பட்டை, ஷால் நுனி எல்லாம் படத்தில் வரும், நீ பார்க்க மாட்டாய். லென்ஸ் மூடியைக் கழற்றாமல் ஒரு ரோல் முழுக்க எடுத்தவர்களையும் எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன், அதில் ஒருவர் இதை எழுதுகிறார்.

12. ஒரு இடத்துக்கு ஒரு படம். ரோலும் கழுவுகிற கூலியும் சேர்ந்தால் இப்போது ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. 36-ஆல் வகுத்துப் பார், ஒவ்வொரு அமுக்கலும் ஒரு பிளேட் இட்லி. அதற்காக அமுக்கவே பயப்படாதே. ஒரு ரோலை ஆறு மாசம் கேமராவுக்குள் ஊறவைக்கிறவர்கள் ஒன்றும் கற்றுக்கொள்வதில்லை. எதை எப்படி எடுத்தோம் என்பதே மறந்துபோகும். இரண்டு வாரத்தில் முடி, கழுவிப் பார், தப்பைக் குறித்துக்கொள், அடுத்த ரோல் போடு.

காத்திருப்பதற்கு நம் ஊரிலேயே வாத்தியார்கள் இருந்தார்கள். 1965-இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் சுமார் 7,600 அடி ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஒசாகா நகர, டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் கருவி வைத்து நியூட்ரினோவைத் தேடினார்கள். துகள் கடந்துபோகும் தடத்தில் நியான் குழாய்கள் மின்னும், அதைப் படச்சுருளில் பிடிப்பார்கள். அவ்வளவு பாறைக்குக் கீழே, அந்த இருட்டில், மாசக்கணக்கில் காத்திருந்து கிடைத்தது விரல்விட்டு எண்ணுகிற சில தடங்கள். உலகம் முழுக்க அது பேசப்பட்டது. நீ டீக்கடை வாசலில் ஒரு பெரியவர் திரும்பிப் பார்க்கும்வரை இரண்டு நிமிஷம் நிற்கக் கூடாதா?

13. கேட்டுவிட்டு எடு. லைனில் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், ஆனால் கேட்காமல் எடுத்தால் முகம் மாறிவிடும். சீக்குக்காரர் இருமிக்கொண்டிருப்பதைப் படம் எடுத்துப் பரிசு வாங்கலாம் என்ற எண்ணம் இருந்தால் என் வாசலுக்கு வராதே. எடுத்த படத்தில் ஒரு பிரிண்ட் அவருக்குப் போய்ச் சேர வேண்டும். தபாலில் போட்டால் போதும். செல்போனில் அனுப்புகிறேன் என்பது கணக்கில் வராது.

மூடிய ஷாஃப்டுகளின் பக்கம் வேலி தாண்டாதே. ஷாஃப்டின் மேல் நிற்கிற இரும்புக் கோபுரத்தை வெளியே நின்று எடுத்தாலே கம்பீரமாக வரும். உள்ளே பலகை மூடிய குழிகள் இருக்கின்றன. சில குழிகளின் ஆழத்தை மைல் கணக்கில் சொல்ல வேண்டும்.

14. முடிந்ததும் சுருட்டு, பிறகு திற. கடைசிப் படத்துக்குப் பிறகு சக்கரம் இறுகும். பலம் போட்டு இழுக்காதே, கிழிந்துவிடும். அடியில் இருக்கிற சின்னப் பட்டனை அமுக்கிக்கொண்டு இடது திருகைச் சுற்று. முதலில் கனமாக இருக்கும். கடைசியில் ‘டக்’ என்று ஒரு விடுபடல், பிறகு காற்றில் சுற்றுவது மாதிரி லேசாகிவிடும். அந்த ‘டக்’ கேட்ட பிறகும் நாலு சுற்று. மூடியை அப்புறம்தான் திறக்க வேண்டும்.

கலர் ரோலை ஆய்வகத்தில் கொடு. அதன் டெவலப்பர் 38 டிகிரியில் 3 நிமிஷம் 15 விநாடி இருக்க வேண்டும், அரை டிகிரி தவறினாலும் கலர் ஓடும். கறுப்பு வெள்ளையை நீயே கழுவலாம். டி-76 பவுடர், ஹைப்போ, மூடி போட்ட ஒரு டாங்கி, போர்வை போர்த்திய அறை. தண்ணீர் 20 டிகிரி வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கும். கோடையில் ஐஸ் கட்டியோடு மல்லுக்கட்ட வேண்டும். மார்கழியில் நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் சொன்னபடி கேட்கும். என் நல்ல நெகடிவ்கள் எல்லாம் மார்கழி நெகடிவ்கள்.

ஆய்வகத்தில் ஸ்கேன் மட்டும் அனுப்பிவிட்டு நெகடிவைத் தூக்கிப் போடுகிற பழக்கம் வந்திருக்கிறது. கொடுக்கும்போதே சொல்லி வை, நெகடிவைத் திரும்ப வாங்கிக்கொள்.

15. நெகடிவை ஆறு ஆறாக வெட்டி, உறையில் போட்டு, உறைமேல் தேதி எழுது. பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டாதே, மழைக்காலத்தில் வேர்த்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பழைய பிஸ்கட் டின், உள்ளே இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம், அலமாரியின் நடுத்தட்டு. மேல்தட்டில் தகரக் கூரையின் சூடு, கீழ்த்தட்டில் தரையின் ஈரம்.

பிரிண்டின் பின்னால் பெயர் எழுது. எந்த லைன், எந்தச் சுரங்கம், எந்த வருஷம். பால் பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் முகத்தில் கோடு விழும். பழைய தாள் பிரிண்டுக்கு மெதுவான பென்சில். இப்போதைய வழவழப்பான பிரிண்டில் பென்சில் ஏறாது. சி.டி.யில் எழுதுகிற மார்க்கரால் எழுதி, காய்ந்த பிறகு அடுக்கு.

அந்த ஆயுதபூஜைப் படத்தின் பின்னால் பெயர் எழுத எனக்கு இருபது வருஷம் கழித்துத்தான் தோன்றியது. அதற்குள் பாதிப் பேர் இல்லை. மார்க்கெட்டிலும் ரயிலிலும் பார்த்தவர்களையெல்லாம் நிறுத்திக் கேட்டு, 22 பேரில் 20 பெயர் சேர்த்துவிட்டேன். பின்வரிசையில் இடமிருந்து நான்காவது, தலையில் துண்டு கட்டியவர். உட்கார்ந்திருப்பவர்களில் கடைசி, மடியில் ஒரு சின்னப் பையனை வைத்திருப்பவர். இந்த இரண்டு பெயர்தான் பாக்கி. அந்தப் பையனுக்கு இப்போது நாற்பதுக்குப் பக்கமாக இருக்கும். உங்கள் வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் அழைத்து வாருங்கள், படத்தைக் காட்டுகிறேன். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.